ஃபெஸ்டியின் துடுப்பு சாய்ந்த பக்கம்

நல்ல படகோட்டி யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது. அயர்லாந்தில், காரிப் ஏரிக்கரையில் எட்டுப் படகு வைத்து வாடகைக்கு விடுகிறேன். வீட்டு மாடியில் தங்குவதற்கு நாலு அறை. மீன் பிடிக்க வருகிறவர்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் ஆரம்பித்துவிடுவார்கள், "டெலியா, மீன் பிடிச்சுக் குடுக்கிற ஆளாப் பாத்து வைங்க." மீன் கடையில் கிடைக்கும், அங்கே போங்கள் என்று வாய்வரைக்கும் வரும். பிழைப்பு என்பதால் விழுங்கிக்கொண்டு, "ஃபெஸ்டி மன்னியனை வைக்கிறேன்" என்பேன்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஃபெஸ்டி ஏமாற்றமாகத்தான் இருப்பான். ஒல்லி உடம்பு, பெரிய காது, வெயில் அடித்தாலும் கழற்றாத கம்பளித் தொப்பி. போன வாரம் இவ்வளவு பெரிய மீன் மாட்டியது என்று கையை விரித்துக் காட்ட மாட்டான். வந்தவர்களின் பையை அவர்கள் கையிலிருந்து வாங்கிப் படகில் வைப்பான், அவ்வளவுதான். அது மரியாதை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவன் கனம் பார்க்கிறான். பயந்தவர்கள்தான் அதிகமாகக் கட்டிக்கொண்டு வருவார்கள் என்பது அவன் கணக்கு.

பிறகு முதல் ஒரு மணி நேரத்துக்கு, மீனே இல்லாத ஒரு குடாவுக்குக் கூட்டிப்போவான். ஊர்க்காரர்கள் யாரும் அங்கே தூண்டில் வீச மாட்டார்கள். "காசு வாங்கிட்டு இப்படிப் பண்றியே, உனக்கு நல்லா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கை அவசரத்துல இருக்கும்போது மீன் வந்தா நழுவிப் போயிடும் டெலியா. நழுவின மீனு அன்னிக்கு முழுக்கப் படகுலயே உக்காந்திருக்கும். கை அடங்கட்டும், அப்புறம் மீன் இருக்கிற இடத்துக்குப் போலாம்."

"இதை அவங்ககிட்டயே சொன்னா என்ன? நீ வாயைத் திறந்தா ஏரி வத்திடுமா?"

"பேசுறதுக்குத்தான் நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மதியம் தீவில் இறங்கி, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, அந்தக் கெட்டிலில் தேநீர் போட்டுக் கொடுப்பது படகோட்டியின் வேலை. எதை மறந்தாலும் ஃபெஸ்டி கெட்டிலை மறந்ததில்லை.

அவனுடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் துடுப்பில் இருந்தது. எங்கள் ஏரியில் படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று தள்ளுகிற போக்கில் விடுவோம். முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர் உட்கார்ந்து, இறகும் நூலும் கட்டிச் செய்த பொய் ஈயை முள்ளில் மாட்டி வீசுவார்கள். நடுவில் படகோட்டி, கையில் ஒற்றைத் துடுப்பு. தண்ணீருக்கடியில் எங்கே பார்த்தாலும் பாறைத் திட்டு. திட்டு முடிந்து ஆழம் தொடங்குகிற விளிம்பில்தான் ட்ரவுட் மீன் நிற்கும். துடுப்பைக் கொஞ்சம் அழுத்தினால் படகின் மூக்கு விளிம்பை ஒட்டிப் போகும், முன்னால் இருப்பவருக்கு மீன். கொஞ்சம் இழுத்தால் பின்பக்கம் ஒட்டிப் போகும், பின்னால் இருப்பவருக்கு மீன். உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கும் இது தெரியவே தெரியாது. தங்கள் கைராசி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருதடவை ஹாலந்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம்தான் கேட்டார்கள். மீன் பிடிக்கிற ஆசை அவருக்கு. அந்த அம்மாள் கூட வந்திருக்கிறாள், அவ்வளவுதான். சாயங்காலம் திரும்பும்போது இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். பெரிய மீன் அவளுக்கு மாட்டியிருக்கிறது, அவர் வலையில் அள்ளியிருக்கிறார், நீங்கள்தான் நழுவவிடப் பார்த்தீர்கள் என்று இவள், இல்லை நீதான் என்று அவர். ஃபெஸ்டி படகுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

"உன் வேலையா?" என்றேன்.

"அந்தம்மா பக்கம் கொஞ்சம் சாய்ச்சேன்."

"அவரு காசு குடுத்திருக்காரு. இது ஏமாத்து இல்லையா?"

"மீனுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். எனக்கு இன்னிக்கு ஒண்ணாத் தெரியல."

அவனை எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். நாற்பது வருடமாக அந்தத் துடுப்பு யாருக்குத் தேவையோ அவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் மனைவி கேத்லீனுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் அது தெரியாது என்று நினைத்திருந்தேன். நெசாவுக்குத் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

நெசா அவர்களுடைய ஒரே மகள். அவள் பள்ளியில் இருக்கும்போதே கேத்லீன் இறந்துவிட்டாள். கோடை விடுமுறையில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஃபெஸ்டி மகளைப் படகிலேயே உட்காரவைத்துக்கொண்டான். வந்தவர்களெல்லாம் தண்ணீரைப் பார்த்தார்கள். அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தாள். இப்போது கால்வே நகரத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் வேலை. ஓய்வு நாளானால் இங்கே வந்துவிடுவாள். அவளைப் போலப் பொய் ஈ கட்ட இந்தக் கரையில் ஆள் இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஆகஸ்டில் எங்கள் ஏரியில் நடக்கிற போட்டியில் முதல் பத்து இடத்துக்குள் வருகிறவர்கள் அயர்லாந்து அணிக்குப் போவார்கள். நெசா இரண்டு வருடம் வாசல்வரை போய்த் திரும்பியிருந்தாள். மூன்றாவது வருடம் குளிர்காலம் முழுக்க அதற்காகவே உழைத்தாள். அந்த வருடம் அணி வேல்ஸுக்குப் போவதாக இருந்தது.

போட்டிக்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு படகில் வெவ்வேறு சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர். மதியத்துக்குப் பிறகு இருவரும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். படகோட்டி யார் என்பதைச் சங்கச் செயலாளர் டொமினிக் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து சீட்டு எடுத்துச் சொல்வார். படகோட்டி யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது, படகை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று காலை படகுத்துறையில் ஊரே நின்றது. டொமினிக் வாசித்தார், "நெசா மன்னியன். கூட, கேவன்லேர்ந்து யூஜின் லிஞ்ச்." டின்னில் கையை விட்டுச் சீட்டை எடுத்துப் பிரித்தவர், நிறுத்திவிட்டார்.

"இது சரி வராது. ஃபெஸ்டின்னு வந்திருக்கு, மறுபடி எடுக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. "சொந்தம் இல்லாத படகோட்டி வேணும்னா கப்பல்லதான் கொண்டாந்து இறக்கணும்" என்று யாரோ சொன்னார்கள்.

யூஜின் மாட்டுத் தீவனம் விற்கிற மனிதர், நல்ல சுபாவம். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து என்னைத் தண்ணியில தள்ளாம இருந்தாச் சரி" என்றார்.

"கேவன்காரனைத் தள்ளுனா மேல வரவே மாட்டான். பையில முடிஞ்சு வெச்சிருக்கிற காசு அப்படி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கேவன் மாவட்டக்காரர்கள் கஞ்சர்கள் என்று சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. யூஜினும் சேர்ந்தே சிரித்தார்.

நெசா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் வந்து மெதுவாக, "மறுபடி எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றாள்.

ஃபெஸ்டி அவளுக்குப் பதில் சொல்லவில்லை, கூட்டத்துக்குச் சொன்னான். வழக்கமாக அவ்வளவு சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. "எதுக்கு மறுபடி? நாப்பது வருஷமா என்னைப் பாக்குறீங்க. என் துடுப்பு நேரா நிக்காதுன்னு இங்க யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

கூட்டம் இல்லை என்று தலையை ஆட்டியது. எனக்குப் பெருமையாக இருந்தது. டொமினிக் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

தென்மேற்குக் காற்று, அளவான அலை. படகுகள் துறைக்கு எதிரே இருக்கிற திட்டுகளின் ஓரமாகவே போய்க்கொண்டிருந்ததால், நாங்கள் துறைச் சுவரில் சாய்ந்துகொண்டு பைனாகுலரில் பார்த்தோம். எல்லோரும் பார்த்தது ஒரே படகைத்தான். நேராக நிற்கிறான், பாரேன், என்று ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். நான் கையசைத்தேன். ஃபெஸ்டி பதிலுக்குக் கையசைத்தான். படகில் ஏறினால் கரை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிற மனிதன், அன்று அடிக்கடி எங்களைப் பார்த்தான். நான் அதைக் கலகலப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மீன்களை அளந்தார்கள். யூஜினுக்கு ஐந்து, நெசாவுக்கு நாலு. பத்தாவது இடம் யூஜினுக்குப் போனது, நெசா பதினொன்று.

நனைந்த உடுப்போடு அப்பாவும் மகளும் என் சமையலறைக்கு வந்தார்கள். சூப்பு ஊற்றிக் கொடுத்தேன். நெசா கிண்ணத்தைத் தொடவில்லை. "ஒரு மீனுதானே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன், ஆறுதலாக.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஏம்பா அப்படிப் பண்ணினீங்க?" என்றாள்.

"எப்படி?"

"நான் முன்னால உக்காந்திருந்தப்ப பின்பக்கத்தை விளிம்புக்குக் குடுத்தீங்க. மத்தியானம் நான் பின்னால வந்ததும் முன்பக்கத்தைக் குடுத்தீங்க."

"நேராத்தான் பிடிச்சேன். தோத்த கோவத்துல பேசாத."

நெசா மேசையில் இருந்த ரொட்டித் தட்டைத் தள்ளி நடுவில் வைத்தாள். அது திட்டு. வெண்ணெய்க் கத்தியைக் குறுக்கே வைத்தாள். அது படகு. "இது காலையில" என்று கத்தியின் ஒரு முனையைத் தட்டோடு ஒட்டவைத்தாள். "இது மத்தியானம்" என்று மறுமுனையை ஒட்டவைத்தாள். இரண்டு தடவையும் தட்டை விட்டு விலகியிருந்த முனையில் விரலை வைத்து, "இது நான்" என்றாள்.

ஃபெஸ்டி கத்தியைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை நான் கண்ணால் கண்டேன். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். மனதுக்குத் தெரியாமல் கை செய்திருக்கிறது.

"உனக்குச் சாதகம் பண்றேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு..." என்று ஆரம்பித்தான்.

"சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். நீங்க எத்தனையோ பேருக்குச் சாய்ச்சிருக்கீங்க. அழுதுகிட்டு வந்தவங்க, சண்டை போட்டுட்டு வந்தவங்க, கை நடுங்குறவங்க. எனக்கு அது பிடிக்கும்ப்பா. இன்னிக்கு என் பக்கம் சாய்க்கச் சொல்லல. நேராப் பிடிச்சிருந்தாப் போதும். இன்னிக்கு நீங்க அவருக்காகவும் சாய்க்கல. சுவத்துல சாஞ்சு நின்னாங்களே, அவங்களுக்காகச் சாய்ச்சீங்க. உங்க பேருக்காக."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சுவரில் சாய்ந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்றது. சூப்பு ஆறிப் போயிற்று.

பரிசளிப்பு வழக்கம்போல ஓட்டல் கூடத்தில் நடந்தது. டொமினிக் பேச எழுந்தார். கோப்பை வென்றவனைப் பற்றி இரண்டு வார்த்தை, மிச்சமெல்லாம் ஃபெஸ்டியைப் பற்றித்தான். "சொந்தப் பொண்ணு படகுல இருக்கா, அவ வாழ்க்கையில கேட்ட ஒரே விஷயம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. அப்பவும் ஒரு அங்குலம் சாயல. படகோட்டின்னா இவன்." கூடம் முழுக்கக் கைதட்டியது.

ஃபெஸ்டி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். அவன் தலையில் முடி இல்லை என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. "சாய்ச்சேன்" என்றான். "காலையிலயும் சாய்ச்சேன், மத்தியானமும் சாய்ச்சேன். எம் பொண்ணுக்கு எதிராச் சாய்ச்சேன். அந்த இடம் அவளோடது."

உடனே சிரிப்பு. "பாருங்கய்யா, மக தோத்த பழியையும் தன் தலையில போட்டுக்கிறாரு" என்று ஒருவர். "இவனுக்கு ஒரு கிளாஸ் ஊத்துங்க" என்று இன்னொருவர். முதுகில் தட்டித் தட்டியே உட்காரவைத்துவிட்டார்கள். அவன் உண்மையைச் சொன்னான், அதற்கும் அவனுக்கு நல்ல பேர்தான் கிடைத்தது. அவ்வளவு பரிதாபமாக ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. யூஜின் ஒருவர்தான் சிரிக்கவில்லை. பியர்க் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். நெசா அந்தக் கூடத்துக்கே வரவில்லை.

மறுநாள் யூஜின் டொமினிக்கிடம் போய்த் தன் இடத்தை நெசாவுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். உடம்பு சரியில்லை என்றால் ஒழிய அப்படி மாற்ற விதி இல்லை என்றார் டொமினிக். சரி, நான் படுத்துக்கொள்கிறேன் என்று இவர் சொல்ல, அதைக் கேள்விப்பட்ட நெசா தொலைபேசியில் அவரைத் திட்டினாள். யாரும் தூக்கிக் கொடுக்கிற இடம் தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். யூஜின் வேல்ஸுக்குப் போனார்.

நெசா ஊருக்கு வருவதை நிறுத்தினாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு மணி நேரம் வந்து, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டுப் போனாள் என்று ஃபெஸ்டி சொன்னான். அந்தக் குளிர்காலத்தில் அவன் டொமினிக்கிடம் போய், இனிமேல் தன் பெயரைப் பிஸ்கட் டின்னில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

"பேரை எடுத்துட்டாச் சரியாப் போச்சா?" என்று கேட்டேன். என் நாக்கு அப்படி.

"சரியாப் போகல. நான் என்ன பண்ணட்டும் டெலியா? பத்து தடவை கூப்பிட்டேன், எடுக்கல. அவகிட்டச் சொல்றதுக்கும் எனக்கு வேற ஒண்ணும் தெரியல. படகுல வெச்சுத்தான் எனக்கு ஒருத்தரைப் பாக்கவே தெரியும்."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் விறகு எடுக்கப் போகிறவள் போல வெளியே போய் நின்றேன்.

மே மாதம், ஈ பறக்கிற காலம். ஏரி முழுக்க மீன் மேலே வந்து வாயைத் திறக்கிற நாட்கள் அவை. யூஜின் தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு பேருக்கு ஒரு படகு, ஒரு படகோட்டி.

"கூட யாரு?"

"வந்தாத் தெரியும்."

காரிலிருந்து நெசா இறங்கினாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவளோ முன்பின் தெரியாத ஊருக்கு வந்தவள் மாதிரி நின்றாள். "படகோட்டி வேணும் டெலியா. பேரு வாங்கணும்னு அலையாத ஆளா இருந்தா நல்லது."

"போன வருஷம் அப்படி யாரும் இல்ல. இப்ப ஒருத்தன் இருக்கான்" என்றேன்.

ஃபெஸ்டி துறையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்தான். எழுந்தவன், மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். நான் பின்னாலேயே போனேன், போகாமல் இருக்க என்னால் முடியுமா. அவன் எல்லோரிடமும் செய்வதைத்தான் செய்தான். முதலில் யூஜின் பையை வாங்கிப் படகில் வைத்தான். நெசாவின் பையை வாங்கியவன் அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"கனமா இருக்கே. என்ன இருக்கு?"

"கோட்டு. இன்னும் போட்டுக்கல."

அவன் தலையை ஆட்டினான். "எந்தப் பக்கம் உக்கார்றே?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? எப்படி வேணாச் சாய்ங்க. ஆனா எங்களைப் பாத்துச் சாய்ங்க. அது போதும்."

யூஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன். என்னையும் கொஞ்சம் பாத்துக்கங்க, நானும் காசு குடுத்திருக்கேன்" என்றார். "கேவன்காரரு காசு குடுத்தாராம்" என்றேன். நெசா சிரித்துவிட்டாள். ஃபெஸ்டி சிரிக்கவில்லை, எஞ்சின் கயிறு அவன் பிடியிலிருந்து நழுவியது. எஞ்சினை இரண்டு தடவை இழுத்த பிறகுதான் கிளம்பியது.

படகு திட்டுகள் பக்கம் போகவில்லை. மீன் இல்லாத அந்தக் குடாவுக்குத்தான் போனது. மே மாதத்தில், அவ்வளவு நல்ல காற்றில், அங்கே எதற்குப் போகிறான் என்று சுவரில் சாய்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

திரும்பினால், துறைச் சுவரில் கெட்டில் இருக்கிறது. நாற்பது வருடத்தில் முதல் தடவையாக மறந்துவிட்டுப் போயிருக்கிறான். கெட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஃபெஸ்டி, கெட்டிலு, கெட்டிலு" என்று தொண்டை கட்டக் கத்தினேன். குடா கிட்டத்தில்தான் இருக்கிறது, சத்தம் கேட்கும். யூஜின் திரும்பிக் கையசைத்தார். ஃபெஸ்டி திரும்பவில்லை. துடுப்பைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, தூண்டில் வீசுகிற மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.